இரண்டு மொழிகளில் எழுதப் பழகும் சிங்கப்பூர்ப் பிள்ளைகள்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் தொடக்கநிலை 1-இல் சேரும் தமிழ்ப் பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு எழுத்துமுறைகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. கணிதம் முதல் காலை அறிவிப்பு வரை அநேகமாக எல்லாம் ஆங்கிலம். தமிழ் பெரும்பாலும் தாய்மொழிப் பாடத்தோடு நின்றுவிடுகிறது. வீட்டு நிலவரமும் மாறிக்கொண்டே வருகிறது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 32.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றார்கள். 2020-இல் அது 48.3 விழுக்காடு. தமிழ் என்று சொன்னவர்கள் 3.3-இலிருந்து 2.5 விழுக்காடாகக் குறைந்தார்கள். பாட்டியிடம் தமிழ், அண்ணனிடம் ஆங்கிலம், அம்மாவிடம் இரண்டும் கலந்து என்று பேசுகிற பிள்ளைகள்தான் இப்போது வகுப்பில் அதிகம்.

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த அனுபவத்தில், பெற்றோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியது.

வீட்டில் தமிழ் பேசினால் ஆங்கிலத்தில் எழுதுவது பின்தங்கிவிடாதா?

பின்தங்காது. இந்தப் பயத்தினால் தமிழை நிறுத்திவிட்ட வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது, ஏனென்றால் அந்த இழப்புக்கு எந்தத் தேவையும் இல்லை.

கனடாவைச் சேர்ந்த கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் முன்வைத்த கருத்து இன்றும் இருமொழிக் கல்வியில் அடிப்படையாகப் பேசப்படுகிறது. வெளியே இரண்டு மொழிகளும் தனித்தனியாகத் தெரிந்தாலும், உள்ளே அவை பொதுவான ஒரு திறனைப் பகிர்ந்துகொள்கின்றன என்பது அதன் சாரம். எழுத்தைப் பொறுத்தவரை இதை வகுப்பில் கண்ணால் பார்க்கலாம். கதையை எங்கே தொடங்குவது, எதை முதலில் சொல்வது, படிப்பவருக்கு எது தெரியாது, ஒரு நிகழ்ச்சிக்குக் காரணம் என்ன என்பதையெல்லாம் பிள்ளை ஒரு மொழியில் பிடித்துக்கொண்டால் போதும், அடுத்த மொழிக்கும் அது கூடவே வரும். எழுத்து வடிவம், எழுத்துக்கூட்டல், வாக்கிய அமைப்பு ஆகியவற்றைத்தான் ஒவ்வொரு மொழிக்கும் தனியாகக் கற்க வேண்டும்.

எனவே நீங்கள் எந்த மொழியில் வளமாகப் பேசுவீர்களோ அந்த மொழியில் பேசுங்கள். தயங்கித் தயங்கி ஆங்கிலம் பேசும் அப்பா, "ஈட்", "ஸ்லீப்", "கம்" என்று பத்துச் சொற்களுக்குள் பேச்சை முடித்துவிடுகிறார். அவரே தமிழில் பேசினால் தாம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளைப் பற்றி அரை மணி நேரம் சொல்வார். பிள்ளையின் எழுத்துக்கு உதவுவது அந்த அரை மணி நேரம்தான்.

என் மகள் வாய் ஓயாமல் பேசுகிறாள். எழுதச் சொன்னால் இரண்டு வரியோடு நிறுத்திவிடுகிறாள். ஏன்?

பேசும்போது எதிரில் ஒருவர் இருக்கிறார். "அப்புறம்?" என்கிறார், "யாரு, அந்தப் பக்கத்து வீட்டு அங்கிளா?" என்கிறார். முகம் சுளித்தால் பிள்ளை திரும்பச் சொல்கிறது. தாளில் இந்த உதவி எதுவும் கிடையாது. எல்லாவற்றையும் பிள்ளையே நினைத்துக்கொள்ள வேண்டும். கூடவே எழுத்து வடிவத்தையும் நினைவில் கொண்டுவர வேண்டும், கையும் வலிக்கும். "நான் கடற்கரைக்குப் போனேன். ஜாலியாக இருந்தது." முடிந்தது கதை.

இதற்கு நான் அறிந்த நல்ல வழி, எழுதுவதற்கு முன் நிறையப் பேசுவது. இதை நம் பள்ளிகளே செய்கின்றன. தொடக்கப்பள்ளி ஆங்கிலப் பாடத்துக்கான 'ஸ்டெல்லர்' திட்டத்தில், கீழ்வகுப்புகளில் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து முதலில் ஒன்றைச் செய்வார்கள். குமிழி ஊதுவார்கள், ரொட்டியில் எதையாவது தடவிச் சாப்பிடுவார்கள். பிறகு அதைப் பற்றிப் பேசுவார்கள். அவர்கள் சொல்வதை ஆசிரியர் பெரிய தாளில் எழுதுவார். அதன் பிறகு குழுவாக எழுதுவார்கள், கடைசியில்தான் தனியாக.

இதைத் தமிழில் வீட்டிலேயே செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை தோசை வார்க்கும்போது பிள்ளையை ஒரு தோசை ஊற்ற விடுங்கள். அது கோணலாக வரும், கிழியும், கருகும். சாப்பிட்டு முடித்ததும், "என்ன நடந்தது, சொல்லு, நான் எழுதுகிறேன்" என்று பேனாவை நீங்கள் எடுங்கள். பிள்ளை சொல்லச் சொல்ல அதன் வாய்ச்சொல்லை அப்படியே எழுதுங்கள். இடையிடையே கேள்வி கேளுங்கள். கல்லில் ஊற்றியதும் என்ன சத்தம் வந்தது? கிழிந்ததும் நீ என்ன செய்தாய்? தம்பி ஏன் சிரித்தான்? ஒரு பக்கம் நிரம்பிவிடும். அதைப் பிள்ளைக்கே படித்துக் காட்டுங்கள். தன் வாயிலிருந்து வந்தது தாளில் நிற்பதைப் பார்த்ததும் முகத்தில் ஒரு வியப்பு வரும். அடுத்த வாரம் முதல் வரியை மட்டும் பிள்ளை எழுதட்டும், மீதியை நீங்கள் எழுதுங்கள். பிறகு பாதிப் பாதி. சில மாதங்களில் பேனா தானாகக் கைமாறிவிடும்.

"ஜாலியாக இருந்தது", "மகிழ்ச்சியாக இருந்தது" என்ற வரி வந்தால் அடித்துவிடாதீர்கள். "ஜாலியாக இருந்தது உனக்கு எப்படித் தெரிந்தது? என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். "அலை வந்ததும் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்" என்று பதில் வரும். அடுத்த வரியாக அதை எழுதச் சொன்னால் போதும்.

பேசுவது போலவே எழுதுகிறான். "அங்க நெறைய கூட்டமா இருந்துச்சு" என்கிறான். உடனே திருத்தலாமா?

முதலில் மகிழுங்கள். வீட்டில் தமிழ் புழங்காத பிள்ளையால் இந்த வரியை எழுதவே முடியாது. பேச்சுத் தமிழ் அவனிடம் இருக்கிறது. எழுத்துத் தமிழுக்கு அதுதான் முதலீடு.

தமிழில் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. ஆங்கிலத்தில் பேச்சுக்கும் எழுத்துக்கும் இவ்வளவு தூரம் இல்லை என்பதால், ஏன் தமிழில் மட்டும் இப்படி என்று பிள்ளைகள் நியாயமாகவே குழம்புகிறார்கள். சிங்கப்பூரில் 2005-இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, வகுப்பறையில் நல்ல பேச்சுத் தமிழுக்கு இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்கு முன்பு, வகுப்பில் எழுத்துத் தமிழில்தான் பேச வேண்டும் என்ற எதிர்பார்ப்பினாலேயே வாயைத் திறக்காமல் இருந்த பிள்ளைகள் உண்டு.

"இப்படி எழுதக் கூடாது, தப்பு" என்ற சொல்லைத் தவிருங்கள். வீட்டில் எல்லாரும் பேசுவதை எழுதினால் தப்பு என்றால், வீட்டில் பேசுவதே தப்பு என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும். "பேசும்போது இருந்துச்சு, எழுதும்போது இருந்தது" என்று சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளையாடலாம். நீங்கள் "வந்துச்சு" என்றால் பிள்ளை "வந்தது". "போறேன்" என்றால் "போகிறேன்". "நெறைய" என்றால் "நிறைய". ரயிலில் இரண்டு நிலையங்கள் கடப்பதற்குள் இருபது சொல் முடிந்துவிடும்.

கதையில் பாத்திரங்கள் பேசும் இடத்தில், மேற்கோள் குறிக்குள், பாட்டி பேசுவது போலவே பாட்டி பேசட்டும். "டேய், மழை வருது, உள்ள வாடா!" என்று பாட்டி கத்தினால் கதைக்கு உயிர் வரும். தேர்வில் இதை எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்வார்கள் என்பதை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் எழுதும் கதைக்கு அந்தக் கட்டுப்பாடு வேண்டாம்.

இந்த இடைவெளியைக் கடக்கத் தினமும் வாய்விட்டுப் படித்துக் காட்டுவதைவிட நல்ல வழி இல்லை. எழுத்துத் தமிழின் ஓசை முதலில் காதில் விழ வேண்டும். "ஒரு காட்டில் ஒரு சிங்கம் வாழ்ந்து வந்தது" என்ற வாக்கியத்தை நூறு முறை கேட்ட பிள்ளைக்கு "வாழ்ந்து வந்தது" என்று எழுதக் கை தானாகப் போகும்.

தமிழில் எழுத்துப்பிழை ஏராளம். ல, ள, ழ எல்லாம் ஒன்றாகிவிட்டன. என்ன செய்வது?

எல்லாப் பிழைகளும் ஒரே வகையில்லை. எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் பாதிக் கவலை போய்விடும்.

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள். பிள்ளைக்கு இந்த எண்ணிக்கை பெரிய தடை இல்லை. முறை புரிந்துவிட்டால் வேகமாகப் பிடித்துக்கொள்ளும். குழப்பம் வேறு இடங்களில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒலிக்கும் வரிசையிலேயே எழுத்துகளை எழுதிப் பழகிய பிள்ளை தமிழில் கொம்பைக் கண்டு தடுமாறும். 'தேன்' என்று சொல்லும்போது முதலில் கேட்பது த், பிறகுதான் ஏ. எழுதும்போதோ இரட்டைக்கொம்பு முதலில் வருகிறது. அதனால் 'த' எழுதிவிட்டு அதற்குப் பின்னால் கொம்பைப் போடும். 'கொ', 'கோ' இன்னும் சிக்கல், எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி வருகிறது. இந்தப் பிழையைக் கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். பிள்ளை ஒலியைச் சரியாகப் பிரித்துக் கேட்டிருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. கொம்பு எழுத்துகளை மட்டும் தனியாக, பெரிதாக, வண்ணப் பென்சிலால் சில நாள் எழுதினால் சரியாகிவிடும்.

அடுத்தது, ஓர் எழுத்துக்குப் பல ஒலிகள். 'கடல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் ஒரே 'க', ஆனால் ஒலி வேறு. 'பாட்டி'யிலும் 'அம்பு'விலும் ஒரே 'ப'. ஆங்கிலத்தில் இவற்றுக்கு வெவ்வேறு எழுத்து இருப்பதால் பிள்ளை சரியான கேள்வியைத்தான் கேட்கிறது. பக்கத்தில் மெல்லின எழுத்து வந்தாலும், சொல்லின் நடுவில் தனியாக வந்தாலும் ஒலி மாறும் என்று நான்கு சொற்களை வைத்துக் காட்டினால் ஏழு வயதிலேயே புரியும்.

கடைசியாக ல-ள-ழ, ர-ற, ந-ன-ண. பனி, பணி. கரை, கறை. அரை, அறை. நாம் பேசும்போதே பல இடங்களில் வேறுபடுத்துவதில்லை என்பதால் காதை நம்பி எழுத முடியாது. இவை கண்ணால் பழக வேண்டிய எழுத்துகள், அதாவது நிறையப் படிக்க வேண்டும். பிழைத்திருத்தப் பட்டியலை நூறு முறை எழுதவைப்பதால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. கைதான் வலிக்கும். அடிக்கடி எழுதும் சொற்களில் ஐந்தாறு மட்டும் எடுத்துக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்: பள்ளி, விளையாட்டு, பழம், வீட்டில், நண்பன், மழை. அவை பழகியதும் அடுத்த ஐந்தாறு.

அப்படியானால் எப்போதுதான் திருத்துவது?

பிள்ளை எழுதி முடித்து, நீங்கள் அதைப் படித்து, அதில் சொல்லியிருப்பதைப் பற்றிப் பேசிய பிறகு. இந்த வரிசை முக்கியம். "பூனைக்குட்டி புளோக்குக்குக் கீழே தனியாக இருந்ததா? பாவம், அப்புறம் யார் எடுத்துக்கொண்டு போனார்கள்?" என்று முதலில் கேளுங்கள். நீங்கள் கதையைக் கேட்டீர்கள் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அதன் பிறகு ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும் எடுங்கள். இன்று கொம்பு என்றால் கொம்பு மட்டும். ஒற்றெழுத்து மிகுவதும் மிகாததும் ஏழு வயதுக்கு வேண்டாம், அது மெல்ல வரட்டும்.

பக்கம் முழுக்கச் சிவப்பு மை என்றால் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: தெரிந்த சொற்களை மட்டும் எழுதினால் திட்டு விழாது. அதன் பிறகு அது 'கம்பீரமான' என்று எழுத முயலவே முயலாது, 'நல்ல' என்று எழுதித் தப்பித்துக்கொள்ளும். பிழையில்லாத, உயிரில்லாத கட்டுரைகள் இப்படித்தான் உருவாகின்றன.

பள்ளியும் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. 2019 முதல் தொடக்கநிலை 1, 2 வகுப்புகளில் மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வுகள் இல்லை. அந்த இரண்டு ஆண்டுகளைப் பயமில்லாமல் எழுத விட்டுக்கொடுங்கள். மேல்வகுப்புத் தேர்வுத் தாள்களை வாங்கிவந்து நிரப்பாதீர்கள்.

தமிழில் எழுதும்போது இடையில் ஆங்கிலச் சொல் போடுகிறாள். விடலாமா?

முதல் வரைவில் விடுங்கள். 'சறுக்குமரம்' நினைவுக்கு வரவில்லை என்பதற்காகக் கதை நின்றுவிடக் கூடாது. 'ஸ்லைடு' என்று எழுதிக் கீழே கோடு போட்டுவிட்டு மேலே போகட்டும். முடித்த பிறகு கோடு போட்ட சொற்களுக்கு மட்டும் பாட்டியிடமோ அகராதியிலோ தமிழ்ச் சொல் தேடலாம். தனக்குத் தேவைப்பட்டுத் தேடிய சொல் மறக்காது.

பேச்சில் இரண்டு மொழியும் கலப்பது குழப்பத்தின் அறிகுறி என்று சிலர் பயமுறுத்துவார்கள். இருமொழிப் பிள்ளைகள் யாரிடம் பேசுகிறோம் என்று பார்த்துத்தான் கலக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த தாத்தாவிடம் பேசும்போது அதே பிள்ளை எவ்வளவு கவனமாகத் தமிழைத் தேடுகிறது என்று பாருங்கள்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. சொல் தமிழாக இருக்கும், அமைப்பு ஆங்கிலமாக இருக்கும். "நான் ஒரு குளியல் எடுத்தேன்", "அவன் போனான் கடைக்கு". இதற்கு இலக்கண விளக்கம் வேண்டாம். "ஓ, குளித்துவிட்டாயா? அப்புறம் எங்கே போனாய்?" என்று சரியான வடிவத்தில் திரும்பச் சொல்லிவிட்டு உரையாடலைத் தொடருங்கள். "அம்மா வந்தது", "அண்ணன் சாப்பிட்டது" என்பதற்கும் இதே வழிதான். வீட்டில் தமிழ் குறைவாகக் கேட்கும் பிள்ளைகள் எல்லா வினைச்சொல்லையும் 'அது'வில் முடிப்பது வழக்கம். காதில் தமிழ் விழ விழ மாறும்.

ஆங்கிலக் கட்டுரையில் தமிழ் வாடை அடிக்கிறது என்கிறார்களே?

கொஞ்சம் இருக்கும். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'எ' (a), 'தி' (the) போன்ற சொற்கள் தமிழில் இல்லை, அதனால் அவை விடுபடும். தமிழில் "எழுந்து, பல் தேய்த்து, குளித்து, சாப்பிட்டு, கிளம்பினேன்" என்று ஒரே வாக்கியத்தில் போகலாம். அதை ஆங்கிலத்தில் கொண்டுபோனால் 'அண்ட் தென், அண்ட் தென்' என்று நீளும். எழுதியதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, மூச்சு வாங்கும் இடத்தில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

ஆனால் "யெஸ்டர்டே ஐ கோ மார்க்கெட்" என்று எழுதுவதற்குத் தமிழைக் குறை சொல்லாதீர்கள். அது சிங்கப்பூரின் பேச்சு ஆங்கிலம். சீனப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பேச்சுத் தமிழையும் எழுத்துத் தமிழையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிள்ளைக்கு, ஆங்கிலத்திலும் பேச்சு வேறு எழுத்து வேறு என்பது சீக்கிரம் பிடிபடும். இது நம் பிள்ளைகளுக்கு உள்ள ஒரு வசதி.

மாதிரிக் கட்டுரைகளையும் 'அழகிய சொற்றொடர்'களையும் மனப்பாடம் செய்ய வைக்கலாமா?

எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: வேண்டாம். குறைந்தது தொடக்கநிலை 4 வரை வேண்டவே வேண்டாம்.

"கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான். பறவைகள் கீச்சிட்டன" என்று தொடங்கும் கட்டுரைகள் கட்டுக்கட்டாக வந்து விழும். கதை நடப்பது உணவங்காடி நிலையத்தில், மதிய வேளையில். கதிரவனுக்கு அங்கே வேலையே இல்லை. மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அது தெரிவதில்லை, ஏனென்றால் அந்த வரிகள் அதன் கண்ணால் பார்த்தவை இல்லை. நான்காவது வரியில் மனப்பாடம் முடிந்ததும் நடை சட்டென்று கீழே விழும். திருத்துபவருக்கு அந்த இடம் தெளிவாகத் தெரியும். இதைவிடப் பெரிய சேதம், தன்னுடைய சொல் எதற்கும் உதவாது, யாரோ எழுதியதைத்தான் எழுத வேண்டும் என்ற எண்ணம் பிள்ளையின் மனத்தில் ஊன்றிவிடுவது.

நல்ல சொற்றொடர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. படிக்கும் கதையில் பிடித்த வரி வந்தால் பிள்ளையே ஒரு சின்னக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும். தானே தேர்ந்தெடுத்த வரியை எங்கே பயன்படுத்துவது என்று அதற்குத் தெரியும்.

தேர்வை நினைத்துக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் ஆங்கிலத் தாளில், தொடர் எழுத்துப் பகுதிக்கு ஒரு தலைப்பும் மூன்று படங்களும் கொடுப்பார்கள். குறைந்தது 150 சொற்கள் எழுத வேண்டும். படங்களில் ஒன்றையாவது பயன்படுத்தினால் போதும், எந்தக் கோணத்தில் எழுதுவது என்பது பிள்ளையின் விருப்பம். மனப்பாடக் கட்டுரையைத் திணிக்கிறவர்களைவிட, தோசை கிழிந்த கதையை எழுதிப் பழகிய பிள்ளைக்கு இங்கே கை ஓங்கியிருக்கும்.

எனக்கே தமிழ் எழுத வராது. நான் எப்படி உதவுவது?

இங்கேயே படித்து வளர்ந்த இளம் பெற்றோர் பலர் இதைக் கூச்சத்தோடு கேட்கிறார்கள். கலப்புத் திருமணம் செய்தவர்களும் கேட்கிறார்கள். கூச்சமே வேண்டாம். பிள்ளை எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதற்கு எழுதத் தெரிய வேண்டியதில்லை. "இது என்ன எழுத்து, எனக்குச் சொல்லிக்கொடு" என்று பிள்ளையிடம் கேளுங்கள். அம்மாவுக்குக் கற்பிக்கும் வேலை கிடைத்தால் எந்தப் பிள்ளையும் சும்மா இருக்காது.

தமிழே தெரியாத அப்பாவாக இருந்தால், அவர் ஆங்கிலத்தில் செய்யட்டும். கதையைப் பேசிப் பேசி வளர்க்கும் பழக்கம் எந்த மொழியில் வந்தாலும் பயன்தான் என்று முதலிலேயே சொன்னேன். தமிழுக்குத் தாத்தா பாட்டி, அத்தை, மாமா யாராவது இருப்பார்கள். வாரம் ஒரு முறை ஊரிலுள்ள பாட்டியிடம் காணொளியில் பேசும்போது, பிள்ளை தான் எழுதிய நான்கு வரியைப் படித்துக் காட்டலாம்.

தேசிய நூலக வாரியத்தின் கிளைகளில் தமிழ்ச் சிறுவர் நூல்கள் இருக்கின்றன. ஆங்கிலப் புத்தகம் எடுக்கப் போகும்போது கூடவே ஒரு தமிழ்ப் புத்தகம், அதுவும் பிள்ளையின் வயதுக்கு ஒரு படி எளிதானது. தமிழில் வாசிப்பு வேகம் ஆங்கிலத்தைவிடக் குறைவாக இருக்கும்போது கடினமான புத்தகத்தைக் கொடுத்தால் வெறுப்புதான் மிஞ்சும்.

வீட்டில் எதைப் பற்றி எழுதச் சொல்வது?

'எழுது' என்று தனியாகச் சொல்லாமல், எழுத வேண்டிய தேவையை உண்டாக்குங்கள். தேக்கா சந்தைக்குப் போகுமுன் காய்கறிப் பட்டியல். அங்கே போய் அந்தப் பட்டியலைப் படித்துக் காட்டுவதும் பிள்ளையின் வேலை. தீபாவளிக்கு உறவினருக்கு அனுப்பும் வாழ்த்து அட்டையில் இரண்டு வரி. தம்பிக்கு "என் பெட்டியைத் தொடாதே" என்று கதவில் ஓர் எச்சரிக்கை. அப்பா இரவு வேலைக்குப் போகிறவர் என்றால் அவர் காலையில் பார்க்கும்படி ஒரு துண்டுச் சீட்டு, அவர் அதற்கு எழுதிவைக்கும் பதில். அந்தப் பதிலுக்காகவே மறுநாளும் எழுதும் பிள்ளைகள் உண்டு.

1935 முதல் வெளிவரும் தமிழ் முரசு நாளிதழ் மாணவர்களுக்கென்று பக்கங்கள் ஒதுக்கிவருகிறது. தன் வயதுப் பிள்ளையின் பெயர் அச்சில் வருவதைப் பார்ப்பது நல்ல தூண்டுதல். போட்டிகளுக்கு அனுப்பலாம். ஆனால் பரிசுக்காக அம்மா எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை படியெடுப்பது மட்டும் வேண்டாம். அதில் யாருக்கும் நன்மை இல்லை.

கணினியில், கைப்பேசியில் தட்டச்சு செய்தால் போதாதா?

எட்டு, ஒன்பது வயது வரை கையால் எழுதட்டும். தமிழ் எழுத்தின் வடிவம் கையில் படிய வேண்டும். அதற்குப் பிறகு தட்டச்சு நல்லதே. ஆங்கில எழுத்தில் தமிழை ஒலிபெயர்த்துத் தட்டும் முறையைவிட, 1999-இல் வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையைப் பழக்கினால் பிள்ளை தமிழை நேரடியாகத் தமிழ் எழுத்தில் நினைக்கும். குரலைக் கேட்டு எழுதும் செயலிகளைக் கதை சொல்லிப் பதிந்து வைக்கப் பயன்படுத்தலாம்.

துணைப்பாட வகுப்புக்கு அனுப்ப வேண்டுமா?

வீட்டில் தமிழ் கேட்கவே வழியில்லை என்றால் உதவும். சேர்ப்பதற்கு முன் ஒரு விஷயம் விசாரியுங்கள்: பிள்ளைகள் அங்கே சொந்தமாக எழுதுகிறார்களா, பயிற்சித்தாள் மட்டும் நிரப்புகிறார்களா? பயிற்சித்தாள் மட்டும்தான் என்றால் அந்த இரண்டு மணி நேரத்தைப் பாட்டி வீட்டில் கழிக்கலாம்.

எழுதச் சொன்னாலே அழுகிறான். இது சோம்பேறித்தனமா, வேறு ஏதாவதா?

ஏழு வயதுப் பிள்ளை அழுவதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைக்காதீர்கள். பெரும்பாலும் பயம்தான். இரண்டு மூன்று வாரங்களுக்குத் திருத்துவதை அடியோடு நிறுத்திவிட்டு, பிள்ளை சொல்ல நீங்கள் எழுதும் முறைக்குத் திரும்பிப் பாருங்கள். பலருக்கு இதிலேயே தணிந்துவிடும்.

தணியவில்லை என்றால் இரண்டு மொழிகளையும் சேர்த்துப் பாருங்கள். தமிழில் மட்டும் தடுமாற்றம் என்றால் பழக்கம் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டிலும் எழுத்துக்கும் ஒலிக்கும் தொடர்பு பிடிபடவில்லை, நேற்றுப் படித்த சொல் இன்று புதிதாகத் தெரிகிறது, நன்றாகக் கதை சொல்லும் பிள்ளையால் அதில் ஒரு வரியைக்கூட எழுத முடியவில்லை என்றால், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் சிரமம் இருக்கலாம். "இரண்டு மொழி படிப்பதால்தான் இப்படி" என்று சொல்லித் தள்ளிப்போடுவதில் ஆண்டுகள் போய்விடுகின்றன. பள்ளியிடம் பேசுங்கள், கற்றல் தேவை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 1991-இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கமும் சோதித்துப் பார்த்து உதவுகிறது. பரிசோதனைக்குப் போகும்போது பிள்ளை தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய தாள்களைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஆசிரியர் சந்திப்பில் என்ன கேட்பது?

பத்து நிமிடம்தான் கிடைக்கும். "எத்தனை மதிப்பெண்?" என்பதற்கு அதில் பாதியைச் செலவிடாதீர்கள். பிள்ளை வகுப்பில் எழுதிய கட்டுரை ஒன்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இதில் என்ன நன்றாக வந்திருக்கிறது, அடுத்து எந்த ஒரு விஷயத்தில் கவனம் வைக்கலாம் என்று கேளுங்கள். வீட்டில் யார் எந்த மொழி பேசுகிறார்கள் என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். தமிழ் ஆசிரியருக்கும் ஆங்கில ஆசிரியருக்கும் அது தெரிந்தால் பிள்ளையின் எழுத்தை வேறு விதமாகப் படிப்பார்கள். முடிந்தால் வீட்டில் எழுதிய ஒன்றை, பிழைகளோடு அப்படியே, எடுத்துப்போய்க் கொடுங்கள். வகுப்பில் இரண்டு வரிக்கு மேல் எழுதாத பிள்ளை வீட்டில் ஒரு பக்கம் எழுதியிருப்பதை ஆசிரியர்கள் பார்க்கும் வாய்ப்பு குறைவு.